கோட் அழித்தால் கோளாறு தீருமா? வாகனக் கேள்வி பதில்

செக் என்ஜின் விளக்கு, ஸ்கான் கருவி, கோட் எனப்படும் பிழைக்குறியீடு ஆகியவை பற்றித் திருகோணமலை மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தரப்படுகிறது.

கேள்வி: மதிப்பிற்குரிய ஐயா, நான் 2013 ஆம் ஆண்டு தயாரிப்பான டொயோட்டா அக்சியோ கார் வைத்திருக்கிறேன். சில மாதங்களாகச் செக் என்ஜின் விளக்கு எரிகிறது. கராஜுக்குக் கொண்டுபோனால் ஸ்கான் கருவியைப் பொருத்தி, கோட்டை அழித்துவிட்டுக் கட்டணம் வாங்குகிறார்கள். சில நாள்களில் விளக்கு மீண்டும் எரிகிறது. மகன் கொழும்பிலிருந்து புளூடூத் ஸ்கான் கருவி ஒன்றை வாங்கி அனுப்பியிருக்கிறார். அது பி 0171 என்று காட்டுகிறது. இதை நானே அழித்துவிடலாமா? அழித்தால் காருக்குக் கேடு வருமா?
– வாசகர், உப்புவெளி

பதில்: அழிப்பதால் உங்கள் காருக்குக் கேடு வராது, அழிப்பதால் அது திருந்தப்போவதும் இல்லை. என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி, தான் கண்ட கோளாற்றைப் பற்றித் தன் நினைவகத்தில் எழுதிவைக்கும் குறிப்புத்தான் பிழைக்குறியீடு. அந்தக் குறிப்பை வாசித்து, கோளாறு எங்கே இருக்கிறது என்று தேடி, அதைத் திருத்திய பிறகு அழிப்பதே முறை. உங்களிடம் கட்டணம் வாங்கியவர்கள் இந்த வரிசையின் கடைசி வேலையை மட்டும் செய்திருக்கிறார்கள். அதைவிட வருத்தமான செய்தி, கோளாற்றைக் கண்டுபிடிக்க உதவியிருக்கக்கூடிய தடயத்தையும் ஒவ்வொரு முறையும் அவர்கள் சேர்த்தே அழித்துவிட்டார்கள் என்பதாகும்.

அந்தத் தடயத்தின் பெயர் ஃபிரீஸ் ஃபிரேம். கோளாறு பதிவான அந்தக் கணத்தில் என்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்றுச் சுற்றியது, கார் எந்த வேகத்தில் போனது, குளிர்விக்கும் நீரின் வெப்பநிலை என்ன, என்ஜினில் எவ்வளவு சுமை இருந்தது என்பன போன்ற அளவுகளைக் கணினி குறியீட்டோடு சேர்த்து வைத்துக்கொள்கிறது. அழிக்கும் கட்டளையைக் கொடுத்தவுடன் குறியீட்டோடு இந்த அளவுகளும் போய்விடும்; பிறகு எவராலும் அவற்றை மீட்டெடுக்க முடியாது. ஆகவே உங்கள் கைத்தொலைபேசியில் உள்ள செயலியைத் திறந்ததும், அழிக்கும் பொத்தானின் பக்கமே போகாமல், முதலில் ஃபிரீஸ் ஃபிரேம் பக்கத்துக்குச் சென்று அதைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் குறியீட்டுக்கு வருவோம். என்ஜினுக்குள் போகும் கலவையில் காற்று மிகுந்து பெற்றோல் குறைந்துவிட்டது என்பதையே பி 0171 சொல்கிறது. ஒரு பங்கு பெற்றோல் முழுமையாக எரிவதற்கு, எடைக் கணக்கில், ஏறத்தாழ 14.7 பங்கு காற்று தேவை. இந்த அளவு பிசகுவதைப் புகைக்குழாயில் உள்ள ஒட்சிசன் சென்சர் காட்டும்போது, கணினி பெற்றோலைச் சற்றுக் கூட்டியோ குறைத்தோ சரிசெய்துகொள்ளும். அந்தத் திருத்தத்தை ஸ்கான் கருவி ஃபியூவல் டிரிம் என்ற பெயரில் சதவீதமாகக் காட்டும். அது கூட்டலிலோ கழித்தலிலோ 10 சதவீதத்துக்குள் நின்றால் கவலைப்பட வேண்டியதில்லை. கூட்டிக் கூட்டி 25 சதவீதம் அளவுக்குப் போன பிறகும் கலவை சரிவராவிட்டால்தான் பல கார்களில் இந்தக் குறியீடு பதிவாகிறது. எந்த உதிரிப்பாகத்தை மாற்ற வேண்டும் என்று குறியீடு சொல்வதில்லை என்பதைக் கவனியுங்கள். ஒட்சிசன் சென்சரை மாற்றினால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் உடனே பணம் கொடுத்துவிட வேண்டாம். பெரும்பாலான வேளைகளில் அந்தச் சென்சர் உண்மையைச் சொன்ன சாட்சியாகவே இருக்கும்.

இந்த இடத்தில்தான் ஃபிரீஸ் ஃபிரேம் கைகொடுக்கிறது. கார் நின்றபடி, என்ஜின் சூடேறிய பின் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தபோது குறியீடு பதிவாகியிருந்தால், காற்று அளவிடும் சென்சரைத் தாண்டிய ஏதோ ஓர் இடத்தில் வெளிக்காற்று களவாக உள்ளே போகிறது என்று முதலில் சந்தேகிக்க வேண்டும். என்ஜின் மெதுவாக ஓடும்போது அது இழுக்கும் மொத்தக் காற்றே குறைவு என்பதால், சிறிய வெடிப்பு ஒன்றின் வழியாகப் போகும் காற்றுக்கூடக் கலவையைப் பெரிதும் குழப்பிவிடும். என்ஜினை 2500 சுற்றுக்கு ஏற்றினால் அதன் பாதிப்புக் குறைந்து, டிரிம் சதவீதமும் இறங்கிவிடும். இதை உங்கள் கருவியிலேயே நேரடியாகப் பார்க்கலாம். மாறாக, குச்சவெளி வீதியில் வேகமாகப் போகும்போதோ ஏற்றத்தில் ஏறும்போதோ குறியீடு பதிவாகி, சுமை கூடக் கூட டிரிமும் கூடிக்கொண்டே போனால், பெற்றோல் பம்பு தளர்ந்திருக்கலாம், பில்டர் அடைபட்டிருக்கலாம், அல்லது காற்றை அளவிடும் சென்சரில் அழுக்குப் படிந்திருக்கலாம். நம் ஊரில் கச்சான் காற்று வீசும் மாதங்களின் வெக்கையில் என்ஜினைச் சுற்றியுள்ள இறப்பர்க் குழாய்கள் விரைவாகக் காய்ந்து வெடிக்கின்றன. எனவே எயார் பில்டர் பெட்டியிலிருந்து என்ஜினுக்குப் போகும் அந்தத் தடித்த குழாயை வளைத்து, அதன் மடிப்புகளுக்குள்ளே வெடிப்பு உள்ளதா என்று பார்ப்பதிலிருந்து தொடங்குங்கள். இதற்குச் செலவு எதுவும் இல்லை.

காரணம் கண்டு திருத்திய பிறகு நீங்களே தாராளமாக அழிக்கலாம். என்ஜினை நிறுத்தி, மீண்டும் ஸ்டார்ட் செய்யாமல் டாஷ்போர்ட் விளக்குகள் எரியும் நிலையில் வைத்துக்கொண்டு அழிக்கும் கட்டளையைக் கொடுக்க வேண்டும். என்ஜின் ஓடும்போது பல கார்களின் கணினி அந்தக் கட்டளையை ஏற்காது. அழித்த பின் காரை முற்றாக அணைத்து, மீண்டும் அதே நிலைக்குக் கொண்டுவந்து ஒரு முறை வாசித்துப் பாருங்கள். கணினி தன் அனுபவத்தில் கற்றுவைத்திருந்த டிரிம் அளவுகளும் பல கார்களில் அழிந்துவிடுவதால், முதல் சில ஓட்டங்களில் என்ஜின் சற்றுச் சீரற்று ஓடக்கூடும். அது தானே சரியாகிவிடும்.

பலர் அறியாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கோளாறு உண்மையிலேயே தீர்ந்துவிட்டால், நீங்கள் எதையும் அழிக்காவிட்டாலும் விளக்குத் தானே அணையும். தொடர்ந்து மூன்று ஓட்டங்களில் கணினி அந்தக் கோளாற்றுக்கான தன் சோதனையை நடத்தி, கோளாறு காணப்படாவிட்டால் கணினி விளக்கை அணைத்துவிடும். அதன் பிறகு பொதுவாக 40 சூடேறும் சுற்றுகள் (குளிர்ந்த என்ஜின் ஓடிச் சூடாவது ஒரு சுற்று) கோளாறின்றிக் கடந்தால் குறியீட்டையும் தானே நீக்கிவிடும். இதுபோலவே, விளக்கு எரிவதும் பல கோளாறுகளில் முதல் முறையிலேயே நடப்பதில்லை. முதல் ஓட்டத்தில் கணினி அதைத் தற்காலிகமாகக் குறித்துக்கொண்டு, அடுத்த ஓட்டத்திலும் கண்டால்தான் விளக்கை எரிக்கிறது. அழித்த பின் சில நாள்கள் விளக்கு எரியாமல் இருந்ததற்குக் காரணம் இதுவேயன்றி, கோளாறு அந்த நாள்களில் விலகியிருந்தது என்பதல்ல.

விளக்கு விட்டுவிட்டு மின்னினால் மட்டும் இந்தப் பொறுமை கூடாது. சிலிண்டர் ஒன்றில் பெற்றோல் எரியாமலே புகைக்குழாய்க்குப் போகிறது என்பதற்கான எச்சரிக்கை அது. அந்தப் பெற்றோல், புகையில் உள்ள நச்சு வாயுக்களைக் குறைக்கும் கட்டலிற்றிக் கொன்வேட்டருக்குள் எரிந்து அதை உருக்கிவிடும். கொன்வேட்டரின் விலையோடு பார்த்தால், இதற்குக் காரணமாக இருக்கக்கூடிய இக்னிஷன் கொயிலின் (பெற்றோலைப் பற்றவைக்க மின்சாரம் தரும் பாகம்) விலை மிகவும் சிறிது. காரை ஓரமாக நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: வணக்கம் ஐயா. கிண்ணியாவிலிருந்து டொயோட்டா அக்வா காரில் ஹயர் ஓடுகிறேன். பி 0ஏ80 என்ற கோட் வருகிறது. அழித்தால் ஒரு கிழமை அளவுக்கு நன்றாக ஓடுகிறது. ஹைபிரிட் பற்றரி மாற்றும் வசதி இப்போது இல்லை. வரும்போதெல்லாம் அழித்துக்கொண்டே ஓடலாமா?
– வாசகர், கிண்ணியா

பதில்: ஓட வேண்டாம் தம்பி. உங்கள் நெருக்கடி புரிகிறது, புரிந்துகொண்டேதான் சொல்கிறேன்.

உங்கள் காரின் ஹைபிரிட் பற்றரி, ஒவ்வொன்றும் 7.2 வோல்ற் கொண்ட 20 துண்டுகளைத் தொடராக இணைத்து 144 வோல்ற் ஆக்கப்பட்டது. கணினி அவற்றைப் பகுதி பகுதியாகக் கண்காணிக்கிறது. ஒரு பகுதி மற்றப் பகுதிகளுக்கு ஈடுகொடுக்க முடியாமல் அதன் வோல்ற் அளவு மிகையாக விலகும்போது இந்தக் குறியீடு பதிவாகிறது. நீங்கள் அழித்த பின்னும் தளர்ந்த அந்தப் பகுதி அங்கேதான் இருக்கிறது. மற்றவை ஏற்றும் மின்னோட்டமும் இறக்கும் மின்னோட்டமும் அதன் வழியாகவே போயாக வேண்டும். அது மேலும் சூடேறித் தன் பக்கத்தில் இருப்பவற்றையும் கெடுக்கும். இன்று ஓரிரு துண்டுகளோடு முடியக்கூடிய செலவு முழுப் பற்றரியின் செலவாக மாறும்.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். அக்வாவில் வழமையான ஸ்டார்ட்டர் மோட்டார் கிடையாது. பெற்றோல் என்ஜினைச் சுழற்றி இயக்குவதும் ஹைபிரிட் பற்றரியின் மின்சாரந்தான். அந்தப் பற்றரியைக் கணினி முற்றாகத் துண்டித்துவிட்டால், தாங்கி நிறையப் பெற்றோல் இருந்தாலும் கார் அசையாது. கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் பயணிகளை ஏற்றிக்கொண்டு இரவில் போகும்போது, கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையே யானைகள் வீதியைக் கடக்கும் காட்டில் அது நடந்தால் என்ன செய்வீர்கள்?

ஆனாலும் முழுப் பற்றரியையும் மாற்றித்தான் ஆக வேண்டும் என்று இப்போதே முடிவுகட்டவும் தேவையில்லை. பற்றரியைக் குளிர்விக்கும் விசிறி பின் ஆசனப் பக்கத்திலிருந்து காற்றை இழுக்கிறது. அந்தக் காற்று வழி தூசியும் மணலும் நூலும் சேர்ந்து அடைபட்டிருக்கிறதா என்று முதலில் பார்க்கச் செய்யுங்கள். கடற்கரைக்குப் போய்வரும் பயணிகளை ஏற்றும் கார்களில் மணல் சேர்வது இயல்பு. அடுத்து, துண்டுகளை ஒன்றோடொன்று இணைக்கும் செப்புத் தகடுகளில் பச்சை படிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உப்புக் காற்று ஓயாமல் வீசும் நம் கரையோரத்தில் இது எளிதில் நேரக்கூடியது, சுத்தம் செய்தால் தீரக்கூடியதும்கூட. இவற்றைப் பார்த்த பின்னரே ஒவ்வொரு துண்டையும் சுமை கொடுத்துச் சோதிக்க வேண்டும். கெட்ட துண்டை மட்டும் மாற்றினால் செலவு குறையும். ஆனால் பழைய துண்டுகளுக்கு நடுவே வைக்கப்பட்ட அந்தத் துண்டு எவ்வளவு காலம் நிற்கும் என்று எவரும் உறுதி தர முடியாது. நாள் முழுவதும் ஹயர் ஓடும் காருக்கு அதை நிரந்தரத் தீர்வாக நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இந்த வேலை எதையும் நீங்களே செய்ய முற்பட வேண்டாம். செம்மஞ்சள் நிறக் கம்பிகளில் உயிரைப் பறிக்கக்கூடிய மின்னழுத்தம் இருக்கிறது. பயிற்சி பெற்றவர்கள்கூட, மின்காப்புக் கையுறை அணிந்து, பற்றரியின் மின்சாரத்தைத் துண்டிக்கும் சேர்விஸ் பிளக்கைக் கழற்றி, குறைந்தது 10 நிமிடம் காத்திருந்த பிறகே அவற்றைத் தொடுகிறார்கள்.

கேள்வி: ஐயா, பாவித்த கார் ஒன்றை வாங்க இருக்கிறேன். விற்பவர்கள் காட்டுவதற்கு முன் கோட்டை அழித்து விளக்கை அணைத்துவிடுவார்கள் என்று அலுவலகத்தில் சொல்கிறார்கள். அதைக் கண்டுபிடிக்க வழி உண்டா?
– வாசகி, திருகோணமலை நகரம்

பதில்: உண்டு, அம்மா. சாதாரண புளூடூத் கருவியே போதும். குறியீட்டை அழித்தவர், தான் அழித்த சுவட்டை அழிப்பது எளிதல்ல.

கணினி தன் பொறுப்பில் உள்ள பாகங்களை இடையிடையே சோதித்து, எந்தெந்தச் சோதனை முடிந்தது என்று பதிந்துவைக்கிறது. கருவியில் இது ரெடினஸ் மொனிட்டர் என்ற பகுதியில் காணப்படும். குறியீட்டை அழித்ததும் இந்தச் சோதனைகள் முடிவடையாத நிலைக்குத் திரும்பிவிடும். கட்டலிற்றிக் கொன்வேட்டர், ஒட்சிசன் சென்சர் போன்றவற்றின் சோதனைகள் மீண்டும் முடிவதற்கு, குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்வது முதல் சீரான வேகத்தில் நெடுந்தூரம் ஓடுவது வரை பல நிலைகளைக் கார் கடக்க வேண்டும். நகருக்குள் மட்டும் ஓடும் காருக்கு அதற்குப் பல நாள்கள் பிடிக்கலாம். நாள்தோறும் ஓடுவதாகச் சொல்லப்படும் காரில் பெரும்பாலான சோதனைகள் முடிவடையாமல் இருந்தால், அண்மையில் யாரோ அழித்திருக்கிறார்கள், அல்லது பற்றரியைக் கழற்றியிருக்கிறார்கள். புதிய பற்றரி போட்டதாக விற்பவர் சொன்னால் அது உண்மையாகவும் இருக்கலாம் என்பதால், பற்றுச்சீட்டைக் காட்டும்படி மரியாதையாகவே கேளுங்கள். ஒரு சோதனை அந்தக் காருக்கு இல்லை என்று கருவி காட்டினால் அதை முடிவடையாததாக எண்ணிவிட வேண்டாம்; எல்லாச் சந்தைகளுக்கும் வந்த கார்களில் எல்லாச் சோதனைகளும் இருப்பதில்லை.

இதைவிட நேரடியான சான்று வேறொன்று உண்டு. குறியீடு கடைசியாக அழிக்கப்பட்ட பின் கார் எத்தனை கிலோமீற்றர் ஓடியது, அதன் பின் எத்தனை முறை சூடேறியது என்ற இரண்டு எண்களையும் பல கார்களின் கணினி வைத்திருக்கிறது. அங்கே 12 கிலோமீற்றர் என்று இருந்தால், விற்பனைக்குக் காட்டப்பட்ட அன்றோ முதல்நாளோ அழிக்கப்பட்டது என்று துணிந்து கேட்கலாம்.

கருவி ஏதுமின்றிப் பார்க்கக்கூடிய ஒன்றையும் மறந்துவிட வேண்டாம். ஸ்டார்ட் செய்வதற்கு முன், சாவியைத் திருப்பியதும் செக் என்ஜின் விளக்கு எரிய வேண்டும்; என்ஜின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். தொடக்கத்திலேயே எரியாவிட்டால், அந்த விளக்கு எரிய முடியாதபடி யாரோ ஏதோ செய்திருக்கக்கூடும். இயன்றால் நிலாவெளி தாண்டி ஒரு நெடிய ஓட்டம் ஓடிப் பார்த்து, திரும்பி வந்ததும் தற்காலிகக் குறியீடுகள் என்ற பகுதியை வாசியுங்கள். விளக்கு எரிவதற்கு முன்பே கோளாறு அங்கே தலைகாட்டும். இதற்கு விற்பவர் இடந்தராவிட்டால், என் கருத்தில், வேறு கார் பார்ப்பதே நல்லது.

கேள்வி: புகைப் பரிசோதனைக்குப் போகும் முன் கோட்டை அழித்தால் சான்றிதழ் எளிதில் கிடைக்குமா? ஸ்கான் கருவி இல்லாவிட்டால் பற்றரியைக் கழற்றி வைத்தால் போதுமா?
– வாசகர், பாலையூற்று

பதில்: வருமான அனுமதிப்பத்திரத்துக்காக இங்கே நடைபெறும் பரிசோதனையில், பெற்றோல் வாகனமாயின் புகைக்குழாயிலிருந்து வரும் காபன்மொனொட்சைட்டும் ஐதரோகாபனும், டீசல் வாகனமாயின் புகையின் அடர்த்தியும் அளக்கப்படுகின்றன. குறியீட்டை அழிப்பதால் புகையில் உள்ள வாயு மாறாது. பரிசோதனையில் தவறியவர்கள் எயார் பில்டர், ஸ்பார்க் பிளக், ஒட்சிசன் சென்சர் என்ற பக்கம் பார்க்க வேண்டும். அந்தத் தேடலில் குறியீடு துணைசெய்யும் என்பதால் அதை அழிக்காமல் வைத்திருப்பதே உங்களுக்கு நன்மை.

பற்றரியைக் கழற்றுவது பழைய கார்களில் பலன் தரும். புதிய கார்கள் சிலவற்றில் மின்சாரம் போனாலும் குறியீடு அழியாது. ரேடியோவின் கடவுச்சொல், தானாக ஏறி இறங்கும் கண்ணாடியின் அமைப்பு, என்ஜின் மெதுவாக ஓடும்போது தேவைப்படும் அளவுகள் ஆகியவை மட்டும் அழிந்து புதிய தொல்லை தரும்.

கேள்வி: என்னிடம் 1990 களின் டொயோட்டா பெற்றோல் வான் இருக்கிறது. புளூடூத் கருவியைப் பொருத்த இடமே இல்லை. இதில் கோட் பார்க்க முடியாதா?
– வாசகர், மூதூர்

பதில்: முடியும், அதற்குக் கருவியும் தேவையில்லை. அந்தக் கால டொயோட்டா பெற்றோல் வாகனங்கள் பலவற்றில் டயக்னோசிஸ் என்று எழுதப்பட்ட சிறிய பெட்டி ஒன்று என்ஜின் அருகே இருக்கும். அதன் மூடியின் உட்புறத்தில் துளைகளின் பெயர்கள் உள்ளன. டி.ஈ.1, ஈ.1 என்ற இரண்டு துளைகளையும் சிறிய கம்பித் துண்டால் இணைத்துவிட்டு, ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பினால் செக் என்ஜின் விளக்கு மின்னத் தொடங்கும். இரண்டு முறை மின்னி, சற்று நின்று, ஒரு முறை மின்னினால் குறியீடு 21, அதாவது ஒட்சிசன் சென்சர். இடைவிடாது ஒரே சீராக மின்னிக்கொண்டிருந்தால் பதிவான கோளாறு எதுவும் இல்லை. துளைகளின் பெயரை இரண்டு முறை சரிபார்த்த பின்னரே கம்பியைச் செருகுங்கள். தவறான துளையில் செருகினால் கணினி பழுதாகலாம். கோளாற்றைத் திருத்திய பின், சாவியை அணைத்து, ஈ.எஃப்.ஐ. என்று பெயரிட்ட பியூஸைக் கழற்றி அரை நிமிடம் கழித்துப் போட்டால் குறியீடு அழியும்.

கேள்வி: ஏ.பி.எஸ். விளக்கும் எயார்பேக் விளக்கும் எரிகின்றன. ஆனால் என் கருவி கோட் எதுவும் இல்லை என்கிறது. கருவி பழுதா? அதை எப்போதும் காரிலேயே பொருத்தி வைக்கலாமா?
– வாசகர், தம்பலகாமம்

பதில்: கருவி பழுதல்ல. மலிவான கருவிகள் பெரும்பாலும் என்ஜின் தொடர்பான பொதுக் குறியீடுகளையே வாசிக்கின்றன. தடுப்பு (பிரேக்), எயார்பேக் ஆகியவற்றின் கணினிகளோடு பேச, தயாரிப்பாளரின் முறையை அறிந்த ஸ்கான் இயந்திரம் வேண்டும். ஏ.பி.எஸ். விளக்கு மட்டும் எரிந்தால் வழமையான தடுப்பு வேலைசெய்யும்; ஆனால் மழைக்காலத்தில் சறுக்கும் வீதியில் சில்லுகள் இறுகிவிடாமல் காக்கும் உதவி கிடைக்காது. பெரும்பாலும் சில்லுக்கு அருகேயுள்ள சென்சரிலோ அதன் கம்பியிலோதான் குறை இருக்கும். எயார்பேக் விளக்கைப் பொறுத்தவரை, மஞ்சள் நிற இணைப்புகள் எதையும் நீங்கள் கழற்ற வேண்டாம். டொயோட்டா வாகனங்களில் பற்றரியைக் கழற்றிய பின்னும் குறைந்தது 90 வினாடி காத்திருந்தே அந்த வேலையைத் தொடங்க வேண்டும் என்பது விதி. இந்த விளக்கு எரிந்துகொண்டிருக்கும்வரை, விபத்து நேர்ந்தால் பை விரியாமல் போகக்கூடும் என்பதால், திருத்துவதை அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போட வேண்டாம்.

கருவியைக் காரிலேயே விட்டுவைக்காதீர்கள். அது பொருந்தும் 16 முனை இணைப்பின் 16 ஆம் முனையில், சாவியை அணைத்த பின்னும் பற்றரி மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். சில நாள்கள் ஓடாமல் நிற்கும் காரின் பற்றரியை இறக்குவதற்கு அதுவே போதுமாகலாம்.